மலை சொன்னது, அழுங்கு ஒப்புக்கொண்டது

ஒரு காட்டில், தோண்டித் தோண்டியே ஊர் அளவுக்குப் பெருத்துப்போன ஒரு முயல் குடியிருப்பு இருந்தது. உள்ளே போக முன்பு எத்தனையோ வழிகள் இருந்தன. நலச்சங்கம் ஏற்பட்ட பிறகு ஒரே ஒரு வாசலை விட்டு மற்றதையெல்லாம் மண் போட்டு மூடிவிட்டார்கள். சங்கம் என்று ஒன்று வந்தால் முதலில் எதையாவது மூடத்தானே வேண்டும். அந்த ஒற்றை வாசலில் காவலுக்கு இருந்தவள் தாழை என்கிற அழுங்கு.

அழுங்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: உடம்பெல்லாம் செதில், நீண்ட மூக்கு, மங்கிய கண். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். தாழைக்குப் புலியிடம் அவ்வளவாகப் பயம் இல்லை. புலி வந்தால் உறுமும், போய்விடும், பதிலை எதிர்பார்க்காது. "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று யாராவது கேட்டால்தான் அவள் சுருண்டுகொள்வாள்.

அவள் படித்தவள். மோப்பவியலில் பட்டம், அதுவும் முதல் வகுப்பு. வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த காட்டெருமை "உன் பேர் என்ன?" என்று கேட்டதும் அவள் சுருண்டுவிட்டாள். காட்டெருமை வெகுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, செய்முறை விளக்கம் பிரமாதம் என்று சொல்லி முழு மதிப்பெண் போட்டது. அதனால் குடியிருப்பில் எல்லாரும் அவளைப் 'படிச்ச பொண்ணு' என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்தப் படிப்பில் பாதி சுருண்டதற்காகக் கிடைத்தது என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

காவல் வேலை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. காரணம் ஒன்றே ஒன்றுதான். அதில் பேச வேண்டியதில்லை.

வேலை நடந்த விதம் இது. வாசலை ஒட்டி அவளுடைய பொந்து. பொந்தின் சுவரெல்லாம் மாடங்கள், மாடத்துக்கு ஒரு சிரட்டை, சிரட்டைக்கு ஒரு திருடன். ஒரு கற்றை முடியோ, மிதித்துப் போன மண்ணோ, ஏதோ ஒன்றில் அந்தத் திருடனின் வாசனையைப் பிடித்து, இலை போட்டு மூடி வைத்திருப்பார்கள். யாராவது வாசலுக்கு வந்தால் முன்னங்காலை நீட்ட வேண்டும். தாழை முகர்ந்துகொள்வாள். பிறகு உள்ளே போய் ஒவ்வொரு சிரட்டையாகத் திறந்து, முகர்ந்து, மூடி, அடுத்ததுக்குப் போவாள். எதனோடும் பொருந்தாவிட்டால் வெளியே வந்து வாலால் ஒரு தட்டு தட்டுவாள். உள்ளே போகலாம் என்று அர்த்தம். பொருந்திவிட்டால் வாசலிலேயே சுருண்டு வழியை அடைத்துக்கொள்வாள். எப்படியும் அவள் செய்யக்கூடிய காரியம்தான்.

சிரட்டைகள் நாளுக்கு நாள் பெருகின. செத்துப்போன திருடனின் சிரட்டையைக் கூட எடுக்க முடியாது. எடுத்த மறுநாள் அவன் பிள்ளை வந்து நின்றால் என்ன செய்வது என்று சங்கம் பயந்தது. அமாவாசைக்கு அமாவாசை காக்கைகள் புதுச் சிரட்டைகளைச் சுமந்துகொண்டு வரும். அதற்குப் பெயர் அப்டேட். அன்றைக்கு அவள் புதுசையெல்லாம் முகர்ந்து மனப்பாடம் செய்து முடிக்கும்வரை வாசலில் ஒருவரும் அசைய முடியாது. வரிசையில் நின்றவர்களின் கீரைக்கட்டுகள் வாடின. ஒருத்தி வரிசையில் நின்றபடியே குட்டி போட்டாள். சட்டம் சட்டம்தான் என்பதால், பிறந்த குட்டிகளையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் திருட்டு நின்றதா என்றால், இல்லை. சிரட்டைக்குத் தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே திருடியவனைத்தான். இன்றைக்குத் திருடப்போகிறவனை எந்தச் சிரட்டைக்கும் தெரியாது. சிங்காரம் என்கிற மரநாய் ஒரு நாள் வெட்டிவேர்த் தைலத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்தான். தாழை அத்தனை சிரட்டைகளையும் முகர்ந்து பார்த்தாள். ஒன்றோடும் பொருந்தவில்லை. வாசனையை வைத்து யாரோ நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று முடிவு செய்து, மரியாதைக்காக வாலால் இரண்டு தட்டு தட்டினாள். அவன் போன பிறகு பார்த்தால் கிழங்குக் கிடங்கு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அடுத்த அமாவாசைக்குச் சிங்காரத்தின் சிரட்டை வந்து சேர்ந்தது, கம்மென்று வெட்டிவேர் மணத்தோடு. அதற்குள் அவன் சந்தனத்துக்கு மாறியிருந்தான்.

சங்கம் கூடியது. தலைவி திலகவதி நல்ல முயல், ஆனால் கிழங்கு விஷயத்தில் மட்டும் கண் சிவந்துவிடும். அவளுக்குக் கண் எப்போதுமே சிவப்புதான் என்றாலும் அன்றைக்கு வித்தியாசம் தெரிந்தது. கூட்டத்துக்கு நாகரத்தினம் என்கிற நரி, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தான். புதிய காவல் முறை ஒன்றை விற்க வந்தவன்.

முயல்கள் கதை கேட்டு வளர்ந்தவர்கள். நரி வந்தால் ஏமாற்றும் என்பது அவர்களுக்குப் பால்குடிப் பருவத்திலேயே தெரியும். எனவே எந்த இடத்தில் ஏமாற்றப்போகிறான் என்று எல்லாரும் காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நரி நிதானமாக விளக்கினான். நகரத்தில் கம்ப்யூட்டர்களுக்கும் முன்பு இதே தொல்லை இருந்ததாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தெரிந்த வைரஸ்களின் அடையாளத்தையெல்லாம் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்குமாம். இப்போது அந்தச் சுமையை இறக்கித் தொலைவில் ஓரிடத்தில் வைத்துவிட்டார்களாம். எல்லாக் கம்ப்யூட்டரும் சந்தேகம் வந்தால் அங்கே கேட்கும், பதில் உடனே வரும். அதைத்தான் அவன் கம்பெனி காட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

"உங்க வாசல்ல ஒரே ஒரு கரிச்சான் குருவி உட்காரும், அவ்வளவுதான். வர்றவங்க கால்மண்ணுல ஒரு சிட்டிகை எடுத்து அடுத்த மரத்துக் கரிச்சானுக்குக் குடுக்கும். அது அடுத்ததுக்கு. அப்படியே மலை உச்சிக்குப் போயிடும். எல்லாக் காட்டுச் சேதியும் அங்கதான் சேருது. காலையில எங்கயோ ஒரு காட்டுல ஒருத்தன் கை வச்சான்னா, மதியத்துக்குள்ள உங்க வாசலுக்கும் அவனைத் தெரிஞ்சுடும்."

"வேற தைலம் பூசிக்கிட்டு வந்தா?" என்று கேட்டாள் திலகவதி.

"மணத்தை மட்டும் பார்க்கிறதில்லைங்க. நடத்தையையும் பார்க்கிறோம். திருட வந்தவன் நடை ஒரு மாதிரி, பார்வை ஒரு மாதிரி. மலைக்கு அது பழகிப்போச்சு."

கேட்காமலே குறைகளையும் அவனே சொன்னான். பெருமழை பெய்தால் கரிச்சான்கள் பறக்காது, மலையிலிருந்து பதில் வராது. இங்கே யார் வருகிறார்கள், யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்பதெல்லாம் மலைக்குத் தெரிந்துபோகும். நம்மிடம் என்ன ரகசியம் இருக்கிறது, கிழங்கு தின்கிறோம், குட்டி போடுகிறோம், இரண்டும் ஊருக்கே தெரியும் என்று திலகவதி சொல்லிவிட்டாள். கூட்டம் முடியும்வரை காத்திருந்தும் நரி ஏமாற்றவே இல்லை. முயல்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாழைக்கு நரி சொல்வது அத்தனையும் சரி என்று தெரிந்தது. படித்தவள் அல்லவா. சிரட்டை முறையின் ஓட்டைகளை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. ஆனாலும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்றிருந்தது: மழைநாளுக்காகக் கொஞ்சம் சிரட்டைகளை வைத்துக்கொள்ளலாமே. அதை மனதுக்குள் கட்டி, 'லாமே' என்பதைவிட 'லாம் என்று நினைக்கிறேன்' பணிவாக இருக்குமோ என்று திருத்தி, மறுபடி பழையபடியே மாற்றி, தயாரானாள். "தாழை, நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று திலகவதி கேட்டாள். தாழை சுருண்டாள். ஆட்சேபம் இல்லை என்று தீர்மானம் நிறைவேறியது.

வேலை போய்விடுமோ என்று அவள் பயந்திருந்தாள். அதைவிட மோசமானது காத்திருந்தது.

"உன்னை எங்கயும் அனுப்ப மாட்டோம்மா" என்று திலகவதி அன்பாகச் செதிலைத் தடவிக்கொடுத்தாள். "சோதிக்கிறதையெல்லாம் மலை பார்த்துக்கும். நீ சும்மா வாசல்ல நின்னு, வர்றவங்களைப் பார்த்து வாங்க வாங்கன்னு சொல்லு. வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேளு. சிரிச்ச முகமா இரு, அது போதும்."

தாழைக்குத் தூக்குத் தண்டனையை மாலை போட்டு அறிவித்த மாதிரி இருந்தது.

புதிய முறை வந்தது. சொன்னபடியே வேலை செய்தது. வரிசை காணாமல் போனது. வந்தவர் காலைத் தட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் மலையிலிருந்து பதில் வந்துவிடும். சந்தனம் பூசிக்கொண்டு வந்த சிங்காரத்தை மூன்று காடு தள்ளி அன்று காலை அவன் காட்டிய கைவரிசையை வைத்தே பிடித்துவிட்டார்கள். பிடிபட்டவர்களை அடைக்க என்று தோண்டியிருந்த தனிக்குழியில் அவனைப் போட்டார்கள். சிரட்டைகளைக் குட்டி முயல்கள் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாட எடுத்துக்கொண்டு போயின.

தாழையின் வரவேற்புதான் சரியாக நடக்கவில்லை. தூரத்தில் ஒருவர் வருவது தெரிந்ததுமே அவள் 'வாங்க' என்பதைத் தொண்டைக்குக் கொண்டுவரத் தொடங்குவாள். அது நாக்குக்கு வந்து சேர்வதற்குள் அவர் உள்ளே போயிருப்பார். பின்னால் வந்தவருக்கு அது கிடைக்கும். ஒரு முறை உள்ளேயிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறிய மாப்பிள்ளை முயல் ஒருவனைப் பார்த்து "வாங்க" என்று சொல்லிவிட்டாள். அவன் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டு பெரிய ரகளை செய்தான். அதற்குப் பிறகு அவள் வாசல் புதருக்குப் பின்னால் நிற்கப் பழகினாள். பாதை காலியான பிறகே அசைந்தாள். எதிரே யாராவது வந்தால் தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். யாராவது கேள்வி கேட்டால் என்ன செய்வாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்த கரிச்சான் பார்த்தது. அதன் வேலை அது. மலைக்குச் சொன்னது. மலை யோசித்தது. வாசலருகே பதுங்குகிறது, கண்ணைப் பார்ப்பதில்லை, ஆள் இல்லாதபோது நடமாடுகிறது, விசாரித்தால் முகத்தை மறைக்கிறது. எல்லாக் காடுகளிலும் இப்படி நடந்துகொண்டவர்கள் யார் யார் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மலை பதில் அனுப்பியது: சந்தேகத்துக்குரியது, தனிக்குழியில் வைக்கவும்.

முயல்கள் குழம்பிப்போனார்கள். நம்ம தாழையா என்றார்கள். நம்மோடுதானே இத்தனை நாள் இருந்தாள், நமக்குத் தெரியாதா என்றார்கள். அப்போது ஒரு முயல், நமக்கு அவளைத் தெரியும், ஆனால் அவளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டது. எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அவள் எதுவுமே சொன்னதில்லையே. மலை சும்மா சொல்லுமா என்று பேச்சு திரும்பியது. தாழை மறுத்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எல்லாரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள். அவள் பந்தாகிவிட்டாள். பந்தாக இருந்ததால் குழிவரைக்கும் உருட்டிக்கொண்டு போவது சுலபமாக இருந்தது.

குழிக்குள் வெகுநேரம் கழித்துத் தாழை மெதுவாக அவிழ்ந்து, சுற்றிலும் முகர்ந்தாள். குளிர்ந்த மண். வட்டமான சுவர். அவள் அளவுக்கே தைத்த மாதிரி இருந்தது. தினம் ஒரு கரையான் பிடித்த கட்டையை மேலிருந்து தள்ளினார்கள். அடைபட்டவர்களோடு பேசக்கூடாது என்பது விதி, பேச்சுக்கொடுத்துத் தப்பிவிடுவார்களாம். யாரும் நலம் விசாரிக்கவில்லை. ஒருவர் கூட எட்டிப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீண்ட காலத்துக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரே ஒரு குறை, பக்கத்துக் குழிச் சிங்காரம். சுவர் வழியாக ஓயாமல் பேசினான்.

"தங்கச்சி, என்னை ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ரெண்டு தட்டு தட்டி உள்ள விட்டியே. என் வாழ்க்கையில யாரும் எனக்கு அப்படி மரியாதை குடுத்ததில்ல."

அவள் சுருண்டுகொண்டாள். அவன் அதற்கெல்லாம் சளைக்கிறவன் இல்லை. தன் பெரியம்மா வீட்டுக் கதையை ஆரம்பித்தான்.

பிறகு பெருமழை வந்தது. கரிச்சான்கள் இலைக்கடியில் ஒதுங்கின. மலையோடு தொடர்பு அறுந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ தொப்பலாக நனைந்து நின்றுகொண்டு, உள்ளே விடு என்று உறுமினார்கள். இருட்டிக்கொண்டு பெய்ததால் உருவம் தெரியவில்லை, மழை இரைச்சலில் குரலும் பிடிபடவில்லை. திலகவதி குழிக்கு ஓடி வந்தாள். விதியை மறந்து, "அம்மா தாழை, ஒரே ஒரு தடவை முகர்ந்து சொல்லும்மா" என்று கெஞ்சினாள்.

மற்ற கதைகளில் இந்த இடத்தில்தான் பழைய காவலாளி எழுந்து நின்று, எல்லாரையும் காப்பாற்றி, புது முறையை வெட்கித் தலைகுனிய வைப்பாள். தாழையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகர்ந்தாள். குழி ஈரத்தில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. இன்னொரு முறை முகர்ந்தாள். பிடிபட்டது மழை வாசனை மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்க்கச் சிரட்டைகளும் இல்லை. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், வேறு வழி தெரியாமல் தும்மிவிட்டுச் சுருண்டாள். சுருண்டால் திருடன் என்று பழைய கணக்கில் முயல்கள் வாசலை இறுக்க அடைத்துவிட்டார்கள். மழை விட்ட பிறகு பார்த்தால் வெளியே நடுங்கிக்கொண்டு நின்றது திலகவதியின் நாத்தனார் புருஷன். அவர் அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

ஆனாலும் அவள் தும்மலைக் கேட்டதில் திலகவதிக்கு மனசு இளகிவிட்டது. திருடிக்கு எங்கேயாவது இவ்வளவு சின்னத் தும்மல் வருமா என்று சொல்லி நரிக்கு ஆள் அனுப்பினாள்.

நாகரத்தினம் வந்தான். மலைக்குப் போய், வந்த சேதிகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தான். குழிகளுக்குப் பக்கத்திலேயே சபை கூட்டி, தாழையை நடுவில் வைத்துக்கொண்டு, கைகூப்பிப் பேசினான். நரி தவறை ஒப்புக்கொண்டதை அந்தக் காட்டில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"தப்பு எங்க மேலதாங்க. பயத்தையும் திருட்டையும் மலையால பிரிச்சுப் பார்க்க முடியல. ரெண்டும் ஒரே மாதிரிதான் நடக்குது. மேடம் பேரை நல்லவங்க வரிசையில சேர்த்துடறோம். அதுக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும். சபைக்கு முன்னால நிமிர்ந்து முகத்தைக் காட்டி, நான் தாழை, நான் திருடி இல்லைன்னு தன் வாயால சொல்லணும். கரிச்சான் கேட்டு மலைக்குச் சொல்லிடும்."

"சொல்லிட்டா அன்னைக்கே வேலையில சேர்ந்துக்கலாம்" என்றாள் திலகவதி. "அதே வாசல், அதே வாங்க வாங்க. இனிமே வர்றவங்களை உள்ளயும் கூட்டிட்டுப் போய் எல்லா வீட்டையும் அறிமுகப்படுத்தி வைக்கலாம்னு இருக்கோம்."

எல்லாரும் பார்த்ததும் தாழை பந்தாகிவிட்டாள். பந்துக்குள்ளேயே யோசித்தாள். ஒரு பக்கம் நல்ல பெயர், வெளிச்சம், எல்லா வீட்டு அறிமுகம், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டம்ளர் கிழங்குச் சாறு, அதைக் குடித்து முடிக்கும்வரை நடத்த வேண்டிய பேச்சு. மறுபக்கம் கெட்ட பெயர், கரையான் கட்டை, குளிர்ந்த மண், யாரும் பேசக்கூடாது என்கிற அருமையான விதி. இரண்டுக்கும் நடுவே கடக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சும்மா சுருண்டிருந்தால் ஆட்சேபம் இல்லை என்று வேலையில் சேர்த்துவிடுவார்கள், எப்படியும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவள் அவிழ்ந்தாள். நிமிர்ந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகச் சபையை நேராகப் பார்த்தாள்.

"நான் திருடிதான்" என்றாள், கணீரென்று. "மலை சொன்னது சரி. என்னைக் கொண்டுபோய் அடைச்சுடுங்க."

சொல்லி முடித்ததும் திரும்பச் சுருண்டுகொண்டாள், உருட்ட வசதியாக.

நரி மட்டும் எதையோ புரிந்துகொண்ட மாதிரி அவளைப் பார்த்தான். ஆனால் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கரிச்சான் அதற்குள் பறந்துவிட்டது. காலியான வரவேற்பு வேலைக்கு யாரை வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, பக்கத்துக் குழியிலிருந்து சிங்காரம் குரல் கொடுத்தான். அவனை வெளியே எடுத்து ஒரு நிமிஷம் பேசவிட்டார்கள். திலகவதியின் நாத்தனார் புருஷனின் கோபத்தைப் பேசியே தணித்து, அவரைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டான். இவன் நிஜமாகவே திருடன் என்று நரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். இருக்கட்டுமே, வாய் நிறையப் பேசுகிறாரே என்று சபை அவனையே நியமித்தது. கிடங்கில் கிழங்கு குறைகிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் அவனே பிரியமாக ஏற்றுக்கொண்டான்.

தாழையின் வாக்குமூலம் அன்று மாலைக்குள் எல்லாக் காடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தானே ஒப்புக்கொண்ட முதல் ஆசாமி அவள்தான் என்பதால் மலை அதை உறுதியான பாடமாக எடுத்துக்கொண்டது. சுருள்கிறவர்கள், பதுங்குகிறவர்கள், கண்ணைப் பார்க்காதவர்கள், பெயர் கேட்டால் முழிக்கிறவர்கள் எல்லாரும் திருடர்கள். காடு காடாகத் தேடிப் பிடித்தார்கள். முள்ளெலி, மரவட்டை, நத்தை, தேவாங்கு என்று ஒவ்வொன்றாகத் தனிக்குழிக்குப் போயின. ஒன்று கூட மேல்முறையீடு செய்யவில்லை. சில காடுகளில், தங்களை ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று கேட்கத் தயங்கி, குழிக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த பிராணிகளும் உண்டு.

சிங்காரம் காலி செய்த குழிக்கு ஒரு முள்ளெலி வந்து சேர்ந்தாள். தாழையும் அவளும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. காட்டிலேயே இவ்வளவு ஒத்துப்போகிற அக்கம்பக்கத்தார் வேறு கிடையாது.

நீதி: பழைய முறை உங்களைப் புரிந்துகொள்ள நாளாகும், புதிய முறை உங்களைத் தவறாகப் புரிந்துகொள்ள ஒரு நொடி போதும். எப்படியும் தவறாகத்தான் புரிந்துகொள்ளப் போகிறார்கள் என்றால், தனி அறை கிடைக்கிற தவறாகப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்.